ஆர்.சி. புத்தகத்துக்கு ஓர் உரை

சொந்தமாக ஒரு பைக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் படங்களைத்தான் சேர்த்துவைக்கிறார்கள். கஃபே ரேசர், ஸ்க்ராம்ப்ளர், பாபர் என்று போன் நிரம்பிவிடுகிறது. படங்களுக்கு முன்னால் படிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: வாங்கப்போகும் பழைய வண்டியின் பதிவுச் சான்று, அதாவது ஆர்.சி. வெறும் குழாயையும் தகட்டையும் வைத்துப் புதிதாக ஒரு பைக் செய்து அதற்கு நம்பர் வாங்குவது இங்கே தனி மனிதரால் ஆகிற காரியம் இல்லை. எந்தப் புது மாடலாக இருந்தாலும் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்பிடம் சான்று பெற்றாக வேண்டும். கையில் நாற்பது ஐம்பதாயிரம் வைத்திருப்பவர் பழைய வண்டி ஒன்றை வாங்கி, அதைப் பிரித்துப் போட்டு, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த வண்டியின் எல்லைகளை வகுப்பது அதன் ஆர்.சி.

எல்லை எங்கே என்பதை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு சொல்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சம் மாறிப்போகும்படி அதன் கட்டமைப்பில் கைவைப்பது என்று அதே பிரிவு விளக்குகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இதைக் கேட்டுப் பலர் ஆசையையே மூட்டைகட்டிவிடுகிறார்கள். நான் படிக்கிற விதம் வேறு. ஆர்.சி. பேசுகிற இடத்தை அப்படியே விட்டுவிட்டு, அது வாய் திறக்காத இடத்தில் வேலை செய்யுங்கள். செலவு பாதியாகும், வண்டியும் நன்றாக ஓடும். இனி வரி வரியாகப் பார்க்கலாம். உதாரணத்துக்கு ஒரு பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்கிறேன். எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கும், பிரித்துக் கட்டத் தெரிந்த கையும் கிடைக்கும் என்பதால்தான்.

“உரிமையாளர் பெயர்”

அது உங்கள் பெயராகும்வரை ஒரு நட்டைக்கூடக் கழற்றாதீர்கள். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றம் முடிய வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்று குறிப்பு இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் தேவை. பிரித்துப் போட்ட பிறகு பழைய உரிமையாளரைத் தேடி அலைவதைப் போன்ற வீண் செலவு வேறில்லை.

“உற்பத்தி மாதம், ஆண்டு”

பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே விலை பேசும்போதே எத்தனை ஆண்டு மீதி என்று கணக்குப் பார்த்துவிடுங்கள். இந்த வரியில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை மாசு விதி வந்தபோது ஸ்பிளெண்டர் கார்புரேட்டரை விட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்குப் போனது. சென்சாரும் கம்ப்யூட்டரும் உள்ள வயரிங்கைக் குறைந்த செலவில் பிரித்துச் சேர்ப்பது கடினம். அதற்கு முந்தைய வண்டியில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் நல்ல காதும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

“சேசிஸ் எண்”

வண்டியின் உயிர்நாடி இந்த எண். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துக் குழாயில் அடித்திருப்பார்கள். ஃப்ரேமைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற உற்சாகத்தில் கிரைண்டர் அந்தப் பக்கம் போனால் வண்டி அநாதையாகிவிடும். பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும்போது அந்த இடத்தை மறைத்துவிடச் சொல்லுங்கள். தடிமனான பூச்சு எண்ணின் பள்ளத்தை நிரப்பிவிடும். அதன் விளைவு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரியும். எண்ணின் மேல் பென்சிலைத் தேய்த்து, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, உரித்தெடுத்துப் படிவத்தில் ஒட்டுவார்கள். பள்ளம் தூர்ந்திருந்தால் டேப்பில் வெறும் கறைதான் வரும், எழுத்து வராது.

ஃப்ரேமைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விழுந்து எழுந்த வண்டியா என்று பார்க்க இரண்டு நூல் போதும். பின் டயரின் இரு பக்கமும் தொடும்படி நூலை இழுத்து முன் சக்கரம்வரை கொண்டுவந்து, ஹேண்டிலை நேராக வையுங்கள். முன் டயருக்கும் நூலுக்கும் இடையே இரு பக்கமும் சமமான இடைவெளி இருக்க வேண்டும். பின் சக்கரம் நேராகப் பூட்டியிருந்தும் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் ஃப்ரேமோ ஃபோர்க்கோ கோணியிருக்கிறது. அந்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

“எஞ்சின் எண்”

எஞ்சின் மிகவும் கெட்டுப்போயிருந்தால் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் இன்னொன்று வாங்கிப் போடலாம் என்று தோன்றும். அதே தயாரிப்பு, அதே வகை என்றால் வழி உண்டு. ஆனால் ரசீது இருக்க வேண்டும், மாற்றிய 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ரசீது இல்லாத எஞ்சின் யாருடைய வீட்டு வாசலிலிருந்து காணாமல் போன வண்டியுடையதோ! அதைப் பூட்டி ஓட்டுவது பெருமைக்குரிய வேலை ஆகாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் ஒத்துப்பார்ப்பதும் இந்த எண்ணைத்தான்.

“கன அளவு: 97.2 சி.சி.”

என்னைக் கேட்டால் முழுப் பக்கத்திலும் பொருள் செறிந்த வரி இதுதான். சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 49.5 மி.மீ. இரண்டையும் கணக்கிட்டால் வருவது 97.2. 1985-இல் வந்த சி.டி. 100-இலிருந்து 1994-இல் வந்த ஸ்பிளெண்டர் வழியாக இன்றுவரை அடிப்படை மாறாமல் ஓடுகிற அளவு. இந்த எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும், 125 ஆக்க வேண்டும் என்று சிலர் பணத்தைக் கொட்டுவார்கள். வேண்டாம். அது சட்டத்துக்கும் ஆகாது, அந்தச் சிலிண்டர் சுவருக்கும் ஆகாது.

செய்ய வேண்டியது ரீபோர். தேய்ந்து முட்டை வடிவத்துக்குப் போன சிலிண்டரை மீண்டும் வட்டமாக்கி, சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவது. 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாகக் கிடைக்கும். 0.50 போட்டால் கன அளவு ஏறத்தாழ 99 சி.சி. ஆகும். இது பழுது நீக்கம்தான், எஞ்சினை மாற்றியதாகாது. ஒரு முறையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: முதலில் பிஸ்டனை வாங்கி லேத்காரர் கையில் கொடுங்கள். அவர் அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அந்தப் பிஸ்டனுக்கு எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அவ்வளவு விட்டுச் சிலிண்டரைக் குடைய வேண்டும். இடைவெளி மி.மீ.யில் நூற்றில் சில பங்குதான். கூடினால் தட்டும், குறைந்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஹோனிங் முடிந்து வரும்போது உட்சுவரில் ஒன்றையொன்று வெட்டுகிற மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். ஆயிலைப் பிடித்துவைத்துப் புது ரிங்கைப் படியவைப்பவை அந்தக் கோடுகள். கண்ணாடிபோலப் பளபளத்தால் வேலை சரியில்லை.

கார்புரேட்டர் ஜெட் பற்றி ஆர்.சி. எதுவும் சொல்லாது. ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு வெறும் கூம்பு ஃபில்டர் போடுவது பார்க்க அழகு. ஆனால் காற்று கூடி, பெட்ரோல் விகிதம் குறைந்து எஞ்சின் சூடேறும், மெயின் ஜெட்டை ஓரிரு அளவு பெரிதாக்க வேண்டிவரும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம், இளம்பழுப்பு என்றால் சரி. சைலன்சரைப் பற்றியும் ஆர்.சி. பேசாது, ஆனால் மோட்டார் வாகன விதி 120 பேசுகிறது. உள்ளே இருக்கும் தடுப்பைப் பிடுங்கிவிட்டு அலறவிடுவதால் வேகம் கூடாது. தூங்குகிற குழந்தையும் நோயாளியும் உள்ள தெருவில்தான் நாம் எல்லாரும் ஓட்டுகிறோம்.

“சக்கர இடைத் தூரம்: 1230 மி.மீ.”

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம். நீளமான வண்டி வேண்டும் என்று ஸ்விங் ஆர்மை வெட்டி ஒட்டினால் இந்த எண் பொய்யாகிறது. எண் போகட்டும், பாதுகாப்பைப் பாருங்கள். நீண்ட ஆர்மில் வளைவுச் சுமை கூடும், அதைத் தாங்க வேண்டியது நீங்கள் போட்ட வெல்டிங். செயின் நீள வேண்டும், பிரேக் ராடு நீள வேண்டும், சந்தில் திருப்பவும் கஷ்டம். இவ்வளவும் செய்து கிடைப்பது ஒரு தோற்றம். அதே தோற்றத்தைச் சீட்டின் கோட்டைத் தட்டையாக்கி, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, ஹெட்லைட்டை இரண்டு விரற்கடை கீழிறக்கினால் பெற்றுவிடலாம். கண்ணுக்கு ஒரு பைக் நீளமாகத் தெரிவதும் குட்டையாகத் தெரிவதும் டேங்கின் அடிக்கோடும் சீட்டும் ஒரே நேர்கோட்டில் போகிறதா என்பதைப் பொறுத்தது.

வேகமும் இழுவையும் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஸ்ப்ராக்கெட் இருக்கிறது. முன்னே 14 பல், பின்னே 42 பல் என்றால் எஞ்சின் பக்கம் மூன்று சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. பின்னே இரண்டு பல் கூட்டினால் மேட்டில் இழுவை கூடும், நேர்சாலையில் வேகம் சற்றுக் குறையும். எந்த ஃப்ரேமையும் வெட்டாமல் வண்டியின் குணத்தை மாற்ற இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

“இருக்கை: 2”

ஒற்றைச் சீட்டு பைக் அழகுதான். ஆனால் ஆர்.சி. இருவர் என்கிறது. இரண்டாமவருக்காக விதி 123 மூன்று பொருள்களைக் கேட்கிறது: பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு. சேலையும் துப்பட்டாவும் ஸ்போக்கில் சிக்கி நடந்த விபத்துகளை அறிந்தவர் யாரும் அந்தக் காப்பைக் கழற்றிப் பட்டறையில் எறிய மாட்டார். கம்பியை மெல்லியதாக வளைத்து, ஃப்ரேமின் கோட்டோடு போகும்படி புதிதாகச் செய்யலாம். நல்ல ஃபேப்ரிகேட்டரின் கைத்திறன் இங்கே தெரியட்டும்.

துருவேறிய பின்பக்க ஃப்ரேம் குழாயைச் சீர்செய்ய நேர்ந்தால் ஷாக் அப்சார்பர் பூட்டும் இடத்துக்குப் பின்னால் மட்டும் தொடுங்கள். ஒட்டும் குழாய்க்குள் இறுக்கமாகப் பொருந்துகிற இன்னொரு துண்டுக் குழாயைச் செருகி, அதற்கு மேல் வெல்டிங் செய்ய வேண்டும். விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டியது பள்ளத்தில் இறங்கும்போது விட்டுவிடும்.

“வெற்று எடை”

குறைக்கலாம், ஆனால் பிரேக்கிலும் டயரிலும் குறைக்காதீர்கள். செலவிலும் அதே வரிசைதான்: கையில் உள்ள பணத்தில் பாதியை எஞ்சின், டயர், பிரேக் ஷூ, வீல் பேரிங், ஹேண்டில் கோன்செட், புது வயரிங் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை வைத்துத்தான் அழகைப் பற்றி யோசிக்க வேண்டும்.

“எரிபொருள்: பெட்ரோல்”

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் சீல்களையும் மாற்றிவிடுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால் காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்கவே கூடாது, உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். விவரம் தெரிந்த வெல்டர் டேங்கை நன்றாகக் கழுவி, ஓட்டையின் ஓரம்வரை தண்ணீர் நிரப்பி, பிறகே நெருப்பைப் பக்கத்தில் கொண்டுவருவார்.

“நிறம்”

ஆர்.சி.யில் உள்ளவற்றில் விண்ணப்பித்து மாற்றிக்கொள்ள எளிதான வரி. புது நிறம் ஆர்.சி.யிலும் ஏற வேண்டும். பலர் பெயின்டை முதலில் அடித்துவிடுகிறார்கள், கடைசியில்தான் அடிக்க வேண்டும். வண்டியை வெறும் இரும்பாகவே முழுவதும் பூட்டி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். எந்த பிராக்கெட் உரசுகிறது, எந்த வயர் ஹேண்டில் திரும்பும்போது இழுபடுகிறது, எங்கே இன்னொரு துளை போட வேண்டும் என்று அப்போதுதான் தெரியவரும். அவற்றைச் சரிசெய்து, மறுபடி பிரித்து, பட்டி, பிரைமர், பெயின்ட், கிளியர் கோட் என்று போங்கள். கழற்றிய நட்டு போல்ட்டை ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே பேனாவால் எழுதி வையுங்கள்.