பிள்ளைகளின் சாட்சியம்

வட ஆப்பிரிக்காவின் கைரவான் நகரில், ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில், மகன் ஒருவர் தம் தந்தையிடம் கேட்ட கேள்வி ஒரு சிறு நூலுக்குள் அமர்ந்து நம் காலம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஓதப்பள்ளியில் ஒரு பிள்ளை உஸ்தாதிடம் வந்து, இன்னொரு பிள்ளை தன்னைத் துன்புறுத்துவதாக முறையிடுகிறான். பெரியவர் எவரும் அதைக் கண்டதில்லை. கண்டவர்கள் யாவரும் பிள்ளைகளே. ஒரு பிள்ளைக்கு எதிராக மற்றப் பிள்ளைகள் கூறும் சொல்லை ஏற்று உஸ்தாது கண்டிக்கலாமா, கூடாதா? கேள்வி இவ்வளவே.

கேட்டவர் முஹம்மது இப்னு ஸஹ்னூன் (ரஹ்). கேட்கப்பட்டவர் அவருடைய தந்தை இமாம் ஸஹ்னூன் இப்னு ஸயீத் (ரஹ்). மாலிக்கி மத்ஹபின் பெருநூலாகிய ‘அல்முதவ்வனா’வைத் தொகுத்தளித்த அதே ஸஹ்னூன்தான். ஹிஜ்ரி 160இல் பிறந்து 240இல் வபாத்தான அன்னார், எழுபதைக் கடந்த பின்னர், 234இல் கைரவானின் காஜியாகப் பொறுப்பேற்றார்கள். இத்தகைய பேரறிஞர், பலகை ஏந்திய சிறுவர்களின் சச்சரவுக்கும் சட்டம் சொல்ல நேரம் ஒதுக்கினார்கள் என்பதே முதலில் நம்மை வியக்கவைக்கிறது. மகனார் ஹிஜ்ரி 202இல் பிறந்து 256இல், அதாவது கி.பி. 870இல், மறைந்தார்கள். அவர்கள் தொகுத்த நூலின் பெயர் ‘ஆதாபுல் முஅல்லிமீன்’; ஆசிரியர் ஒழுகவேண்டிய முறைகள் என்று பொருள். துனீசிய அறிஞர் ஹஸன் ஹுஸ்னி அப்துல் வஹ்ஹாப் அவர்கள் 1931இல் இதனைப் பதிப்பித்து வெளியிட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே நீதி காட்டுதல், பலகையில் எழுதிய திருவசனத்தை அழிக்கும் முறை, பெருநாள் அன்பளிப்பு, விடுமுறை, ஊதியம் என்று ஓர் ஓதப்பள்ளியின் அன்றாட வாழ்வு முழுவதும் அதில் காணக் கிடக்கிறது.

இனி, தந்தையின் விடையைப் பார்ப்போம். இது காஜியின் மன்றத்தில் தீர்ப்பளிக்கும் வகையைச் சேர்ந்ததன்று என்று இமாம் அவர்கள் முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள். ஆயினும், தீர்ப்பு வகையில் சேராது என்பதால் உஸ்தாது வாளாவிருக்கலாம் என்று அவர்கள் கூறவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் துன்புறுத்தினால் கண்டிப்பது உஸ்தாதின் மீது கடமை என்கிறார்கள். எதை வைத்து அறிவது? மூன்று வழிகளைக் காட்டுகிறார்கள். துன்புறுத்தல் நடந்த செய்தி பிள்ளைகளின் கூட்டத்தில் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும். அல்லது செய்தவனே ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லது, சொல்லும் பிள்ளைகள் வாய்மையுடையவர்கள் என்று உஸ்தாது முன்னரே அறிந்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று இருப்பினும் போதும். அதன்பின் செய்யவேண்டியவை: கண்டிப்பதில் எல்லை மீறாதிருத்தல், துன்புறுத்தலை நிறுத்துமாறு ஆணையிடுதல், ஒருவன் மற்றவனிடமிருந்து எடுத்துக்கொண்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கச் செய்தல். இறுதியாக ஒரு வாதத்தையும் வைக்கிறார்கள். கொலையிலும் காயத்திலுமே பிள்ளைகளின் சாட்சியம் ஏற்கப்பட்டிருக்க, இதில் ஏற்கக் கூடாதா என்பதே அவ்வாதம்.

இவ்வாதத்தின் வேர் ‘முவத்தா’வில் இருக்கிறது. பிள்ளைகள் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட காயங்கள் விஷயத்தில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் பிள்ளைகளின் சாட்சியத்தைக் கொண்டு தீர்ப்பளித்து வந்தார்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அதில் பதிவு செய்கிறார்கள். அதற்கு ஒரு நிபந்தனையும் இடுகிறார்கள். பிள்ளைகள் நிகழ்விடத்திலிருந்து கலைந்து செல்வதற்கு முன்னரே சொல்ல வேண்டும். எவரும் அவர்களை ஏமாற்றவோ, இன்னது சொல் என்று கற்பிக்கவோ இடம் இருந்திருக்கக் கூடாது. கலைந்து போய்விட்டால் அச்சாட்சியம் செல்லாது. கலையுமுன் அவர்கள் சொன்னதை நேர்மையான பெரியவர்கள் கேட்டுச் சாட்சி வைத்திருந்தாலன்றி. பிள்ளை பொய் சொல்வான் என்பதைவிட, பெரியவர்கள் பிள்ளையைப் பொய் சொல்ல வைப்பார்கள் என்ற அச்சமே இந்நிபந்தனையில் மேலோங்கி நிற்கிறது. இது நம் ஆய்வுக்கு மிகவும் வேண்டிய குறிப்பாகும்.

ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் பருவமடையாத பிள்ளையின் சாட்சியம் ஏற்கப்படுவதில்லை. தமிழகத்தின் மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படுபவை இவ்விரு மத்ஹபுகளின் கித்தாபுகளே. ஆதலின் கைரவானில் நடந்த இந்த உரையாடல் நம் செவிகளை எட்டாமலேயே இருந்துவிட்டது. இதனால் நேர்ந்த இழப்பு ஒன்றை நாம் அனுபவத்திலேயே அறிவோம்.

ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன் ஒரு மத்ரஸாவில் இளம் உஸ்தாதாக இருந்தபோது, தொலைவூர்ச் சிறுவன் ஒருவன் புதிதாக வந்து சேர்ந்தான். பத்து வயதிருக்கும். திக்கித் திக்கிப் பேசுவான். மூத்த மாணவர் சிலர் அவன் பேச்சைப் போலவே பேசிக் காட்டுவதும், தங்கள் துணிகளைத் துவைக்கச் சொல்வதும், அவன் தாயார் கொடுத்தனுப்பிய முறுக்கு டின்னை எடுத்துக்கொள்வதும் நடந்திருக்கின்றன. ஓர் இரவு, இஷாவுக்குப் பின், நம் அறை வாயிலில் வந்து நின்று இதையெல்லாம் சொன்னான். “யார் பார்த்தது?” என்று கேட்டோம். தன் வயதொத்த இருவரின் பெயர்களைச் சொன்னான். அன்று நமக்கிருந்த ஃபிக்ஹு ஞானம் உடனே கைகொடுத்தது. பிள்ளைகளின் சாட்சியம் செல்லாதல்லவா? “ஸபுர் செய்யப்பா, எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். நோன்பு விடுமுறைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘நின்றுவிட்டான்’ என்று எழுதியதும் நம் கைதான். காஜியின் மன்றத்துக்குரிய அளவுகோலை ஓதப்பள்ளிக்குக் கொண்டு வராதீர் என்று ஸஹ்னூன் இமாம் அவர்கள் பிரித்துக் காட்டியது எதற்கு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அந்நூலில் கண்டோம்.

தண்டனை பற்றியும் ஒரு சொல். குர்ஆன் ஓதுவதில் தவறினால் 3 அடிக்கு மேல் கூடாது என்றும், வீண் விளையாட்டுக்கும் சோம்பலுக்கும் 10ஐத் தாண்டலாகாது என்றும் அந்நூல் வரையறுக்கிறது. பிறரைத் துன்புறுத்தியவனை மூன்றுக்கு மேல் அடிக்க வேண்டுமாயின் தந்தையின் அனுமதி பெற வேண்டும். இக்காலத்தில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் அறவே தடுத்திருக்கிறது. அது நன்றே. பிரம்புக்கு வக்காலத்து வாங்க நாம் இங்கு வரவில்லை. உஸ்தாதின் கைக்கே எண்ணிக்கை வைத்துக் கட்டிய ஒரு காலம் இருந்தது என்பதைக் குறிக்கவே இதைச் சொன்னோம்.

இதே கைரவானில் ஒரு நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்தவர்கள் இமாம் அபுல் ஹஸன் அல்காபிஸீ (ரஹ்). கண்பார்வையற்றவர்கள். ஹிஜ்ரி 403இல் (கி.பி. 1012) மறைந்தார்கள். ஆசிரியர், மாணவர் பற்றி விரிவானதொரு ரிஸாலாவை எழுதியுள்ளார்கள். அதில் ஓரிடம் நம்மைப் பெரிதும் ஈர்த்தது. அடிக்கும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் ஒப்படைப்பதை உஸ்தாது தவிர்க்க வேண்டும் என்று கூறி, காரணத்தையும் தருகிறார்கள். பிள்ளைகளுக்குள் கட்சிமனமும் போட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். வலியவன் கைக்குப் பிரம்பு போனால் அளவு மீறிவிடும். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளையை அறிந்தோர்க்கு இது விளக்காமலேயே விளங்கும். மூத்த மாணவன் கையில் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் அவன் கொடுமை செய்கிறான் என்று ஆசிரியர் வியப்படைவது வேடிக்கையன்றோ! நமக்குப் பணிவிடை செய்த மூத்த மாணவர்களே அச்சிறுவனின் முறுக்கு டின்னையும் எடுத்திருக்கக் கூடும் என்ற எண்ணம் காபிஸீ இமாமின் இவ்விடத்தைப் படித்தபோதுதான் நமக்குத் தோன்றிற்று.

இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் ‘முகத்திமா’ பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். கடுமைக்கு ஆளான பிள்ளை பொய்யையும் சூழ்ச்சியையும் பழகிக்கொள்கிறான், உள்ளத்தின் உற்சாகத்தை இழந்துவிடுகிறான் என்பது அன்னாரின் ஆய்வு. சிறுபிள்ளைகளை அளவுமீறி அடிக்கும் ஆசிரியரைத் தடுப்பது முஹ்தஸிப் என்னும் கண்காணிப்பாளரின் பணி என்றும் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவில் நிறுத்திக்கொள்வோம்.

பள்ளியில் பிள்ளைக்குப் பிள்ளை இழைக்கும் கொடுமையை அரசுகளே சட்டமியற்றித் தடுக்க முற்பட்டது அண்மைக்கால நிகழ்ச்சி. இக்கொடுமைக்குத் தமிழில் இன்னும் ஒருமித்த சொல் அமையவில்லை. சீண்டல் என்றால் சிறுத்துவிடுகிறது, வன்கொடுமை என்றால் பெருத்துவிடுகிறது. பழைய ஃபுகஹாக்கள் ‘அதா’ என்றார்கள். தொல்லை, துன்பம் என்பது பொருள். இன்றைய அரபு இதழ்கள் ‘தனம்முர்’ என்று எழுதுகின்றன. ‘நமிர்’ என்னும் சிறுத்தையின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. ஜப்பானியர் ‘இஜிமே’ என்பர். அச்சொல்லைச் சட்டத்தின் தலைப்பிலேயே ஏற்றியவர்களும் அவர்களே.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1986இல் தோக்கியோ நடுநிலைப் பள்ளி ஒன்றின் மாணவன் தற்கொலை செய்துகொண்டான். அதற்குச் சில காலம் முன்னர், அவன் இறந்துவிட்டதாகப் பாவித்து வகுப்பறையில் பொய் இறுதிச்சடங்கு நடத்தியிருக்கிறார்கள். இரங்கல் அட்டையில் மாணவர்களோடு 4 ஆசிரியர்களும் ஒப்பமிட்டிருக்கிறார்கள்! நாடே அதிர்ந்தது; ஆனால் சட்டம் வரவில்லை. 2011 அக்டோபரில் ஷிகா மாநிலத்து ஒத்ஸு நகரில் 13 வயது மாணவன் உயிரை மாய்த்துக்கொண்டான். பள்ளி மற்ற மாணவர்களிடம் எழுத்து வழியாக விசாரணை நடத்தியது. பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிக் கொடுத்தனர். தற்கொலை செய்வது போலப் பழக வைத்தார்கள் என்று கேள்விப்பட்டதாகக்கூடச் சிலர் எழுதியிருந்தனர். நகரக் கல்வி வாரியமோ அதை ஆழ்ந்து விசாரிக்காமல் முடித்துக்கொண்டது. 2012 ஜூலையில் அவ்விடைகள் வெளியே தெரிந்தபோது எழுந்த கொந்தளிப்பில் காவல்துறை பள்ளியிலும் வாரிய அலுவலகத்திலும் சோதனை நடத்தியது. பிள்ளைகள் சாட்சியம் சொல்லித்தான் இருந்தார்கள். பெரியவர்கள்தாம் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேளாதிருந்தார்கள்.

இதன் விளைவாக 2013 ஜூனில் நிறைவேறிய ‘இஜிமே’ தடுப்புச் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் வரையறை கவனிக்கத்தக்கது. செய்தவனின் நோக்கம் என்னவென்று அது கேட்பதில்லை. துன்பப்பட்ட பிள்ளை உள்ளத்தாலோ உடலாலோ வேதனை உணர்கிறானா என்று கேட்கிறது. ‘விளையாட்டுக்குத்தான் செய்தோம்’ என்ற பழைய சாக்கு அங்கே எடுபடாது. ஒவ்வொரு பள்ளியும் இதற்கென ஒரு குழுவை அமைக்க வேண்டும். உயிருக்கோ உடலுக்கோ பொருளுக்கோ பெருந்தீங்கு நேர்ந்திருக்கும் என்ற ஐயம் எழுந்தாலும், பிள்ளை நெடுநாள் பள்ளிக்கு வராதிருந்தாலும் விசாரணை கட்டாயம். அதன் விவரத்தைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் அறிவிக்கவும் வேண்டும். துன்புறுத்திய சிறுவனுக்கோ அச்சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை. துன்புறுத்தலாகாது என்று கூறிவிட்டு, சுமையெல்லாவற்றையும் பெரியவர்களின் தோளில் ஏற்றுகிறது. வழக்கு மன்றத்தை ஒதுக்கிவைத்து உஸ்தாதின் மீது கடமையைச் சுமத்திய ஸஹ்னூன் இமாமின் முறைக்கு இது எவ்வளவு அணுக்கம் என்பதை வாசகர்களே கண்டுகொள்ளலாம்.

ஜப்பானியப் பள்ளிகள் கண்டறிந்து பதிவு செய்த நிகழ்வுகள் 2011ஆம் கல்வியாண்டில் 70,231. ஒத்ஸு நிகழ்ச்சி நாடறிந்த அடுத்த ஆண்டில் 1,98,109. 2023இல் 7,32,568. இதைக் கண்டு, சட்டம் வந்தபின் கொடுமை பெருகிவிட்டது என்பாரும் உளர். ஒரே ஆண்டில் பிள்ளைகளின் குணம் மும்மடங்கு கெட்டுவிடுமா? மறைந்து கிடந்தது எண்ணப்பட்டது என்பதே நமது கருத்து. ஆயினும் எண்ணியதெல்லாம் தீர்க்கப்பட்டதாகாது. தற்கொலைச் செய்திகள் அந்நாட்டில் நின்றபாடில்லை.

தமிழகமும் இத்துறையில் பிந்திவிடவில்லை. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அதனைத் தொடர்ந்து 1997இல் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. கல்லூரிகளை முதன்மையாக மனத்திற் கொண்டு பிறந்த அச்சட்டம், ஜப்பானியச் சட்டத்தைப் போலன்றி, குற்றம் செய்த மாணவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

கைரவான் மகனார் தந்தையிடம் கேளாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. உஸ்தாதே முறையீட்டைக் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் என்ன? இப்னு கல்தூன் அவர்களின் முஹ்தஸிபும் அதிகம் அடித்தவரைத்தான் பிடிப்பார். கேளாதிருந்தவரைப் பிடிப்பதாகக் காணோம். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. முறையீடு வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர் அக்குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதப்படுவார். அப்பிரிவைப் படித்த நாளில், நம் எழுத்தில் ‘நின்றுவிட்டான்’ என்றிருந்த அந்தப் பதிவேடு நினைவுக்கு வந்தது. அவன் பெயர் சொன்ன இரு சிறுவர்களையும் நாம் அழைத்து ஒரு வார்த்தை கேட்டதேயில்லை.