அப்பாவின் நூறு வாட்ஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. பி.காம் படித்துவிட்டு மஸ்கட்டில் ஒரு பாங்க்கில் கடன் விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் ஆம்ப்ளிஃபயர் வரலாறு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு ஆம்ப்ளிஃபயரால் எனக்கும் அப்பாவுக்கும் எட்டு மாதம் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். வீட்டில் 1991-ல் செய்த ஒரு அசெம்பிள் செட் இருக்கிறது. ரேடியோ கடை வைத்திருந்த அப்பாவின் சிநேகிதர் கையால் செய்து கொடுத்தது. தகரப் பெட்டி, முன்னால் நான்கு குமிழ், ஓரத்தில் ‘100 வாட்ஸ்’ என்று ஸ்டிக்கர். அந்த மாமா இப்போது இல்லை. அவர் பையிலேயே சால்டரிங் அயர்ன் வைத்துக்கொண்டு திரிந்தது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

லீவுக்குப் போனபோது, அப்பா நல்ல சத்தத்தில் பாட்டுக் கேட்கட்டும் என்று புது செட் ஒன்று வாங்கிப் போனேன். சானலுக்கு 80 வாட்ஸ், டிஸ்டார்ஷன் 0.03 சதவீதம். மாட்டிவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் கேட்டார். “சத்தம் வருது கண்ணு. பாட்டு வரலை” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பழைய பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்தது எல்ஏ4440 என்கிற ஒரே ஒரு சான்யோ ஐசி. அந்தக் காலத்தில் ஊர் ஊருக்கு மெக்கானிக்குகள் போட்ட அதே ஐசி. அதன் டேட்டா ஷீட்படி சானலுக்கு 6 வாட்ஸ்தான். “நூறெல்லாம் இல்லீங்கப்பா, ஆறுதான். உங்க சிநேகிதர் உங்களை ஏமாத்திட்டாருங்க” என்று சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் போன் செய்தால் அம்மாதான் எடுப்பார்.

சரி, பேப்பரில் இருக்கும் எண்ணை வைத்து ஒரு ஆம்ப்ளிஃபயர் நன்றாகப் பாடுமா என்று சொல்ல முடியுமா? மஸ்கட் திரும்பியதும் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பார்த்தால் இது எங்கள் வீட்டுச் சண்டை மட்டும் இல்லை. முக்கால் நூற்றாண்டாக நடக்கிற சண்டை.

1927-ல் அமெரிக்காவில் பெல் லாப்ஸ் என்ஜினியர் ஹெரால்ட் பிளாக் ‘நெகட்டிவ் ஃபீட்பேக்’ என்ற வழியைக் கண்டுபிடித்தார். வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டு, தப்பைத் தானே திருத்திக்கொள்ளச் செய்வது. நம் பாஷையில் சொன்னால் தினசரி ரீகன்சிலியேஷன். இதை வைத்து 1947-ல் இங்கிலாந்தில் வில்லியம்சன் என்பவர் 15 வாட்ஸுக்கு வெறும் 0.1 சதவீத டிஸ்டார்ஷனில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் வடிவமைத்து, ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் வெளியிட்டார். எத்தனையோ பேர் அதைப் பார்த்து வீட்டிலேயே செய்துகொண்டார்கள். எண் குறைந்தது, சத்தமும் நன்றாக இருந்தது. அதுவரை சண்டையே இல்லை.

பிரச்சினை டிரான்சிஸ்டர் வந்தபோது ஆரம்பித்தது. 1960-களின் டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் பலவற்றில் பேப்பர் எண் நன்றாக இருக்கும், காதுக்கு மட்டும் கரகரக்கும். ஏன்? அளந்தது முழு பவரில். அந்த ஆம்ப்களில் ஒரு டிரான்சிஸ்டர் வேலையை விட்டு இன்னொன்று எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு சின்ன வெட்டு விழும். கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்பார்கள். சத்தம் குறையக் குறைய இந்த வெட்டின் பங்கு கூடும். வீட்டில் நாம் கேட்பதோ பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் கீழே!

இன்னொன்றும் உண்டு. எல்லா டிஸ்டார்ஷனும் காதுக்கு ஒன்று அல்ல. மூல ஸ்வரத்துக்கு இரண்டு மடங்கில் வரும் ஹார்மோனிக் இசையோடு கலந்துவிடும், ஏழு எட்டு மடங்கில் வருவது கல் மாதிரி பல்லில் கடிபடும். இரண்டையும் ஒரே கூட்டுத்தொகையில் போடாதீர்கள், மேலே போகப் போக அதிக எடை கொடுங்கள் என்று பி.பி.சி. என்ஜினியர் ஷார்ட்டர் 1950-லேயே எழுதினார். யாரும் கேட்கவில்லை. கடன் பாக்கியையும் வாராக் கடனையும் ஒரே வரியில் கூட்டிக் காட்டுகிற மாதிரிதான் இதுவும்.

1970-ல் பின்லாந்தின் மட்டி ஒடாலா இன்னொரு ஓட்டையைக் காட்டினார். நிதானமான சோதனை டோனில் சமர்த்தாக இருக்கிற ஆம்ப், மிருதங்கத்தில் விழுகிற அடி மாதிரி சட்டென்று வரும் சிக்னலில் தடுமாறலாம். அவர் சொன்ன அளவுக்கு அது பெரிய ஆபத்தா என்று பிறகு நிறைய வாதம் நடந்தது. ஆனாலும் அளக்க வேண்டியவற்றில் ஒன்று கூடியது.

மிருதங்கம் என்றதும் எங்கள் பாலக்காடு மணி ஐயர் (1912–1981) ஞாபகம் வருகிறது. மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்ற மகா வித்வான். மைக், ஆம்ப், ஸ்பீக்கர் என்கிற சங்கிலியில் மிகச் சுத்தமான கண்ணி ஆம்ப்தான். ஸ்பீக்கரின் டிஸ்டார்ஷன் பல சமயம் அதைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு இருக்கும். ஆக மணி ஐயர் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு ஆம்ப்பை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

நல்ல சத்தம் என்றாலும் எதற்கு நல்லது என்று கேட்க வேண்டியிருக்கிறது. என் தாய்மாமா வீடு இடுக்கியில், தேவிகுளம் பக்கம் எஸ்டேட். அங்கே மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டுவது குழாய் ஸ்பீக்கர். அதன் ஸ்பெசிஃபிகேஷனைப் பார்த்தால் பேஸ் கிடையாது, உச்ச ஸ்தாயியும் குறைவு. ஆனால் கொஞ்சம் வாட்ஸில் பேச்சு பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த டிவிஷன் லயத்துக்குத் தெளிவாகப் போய்ச் சேரும். வீட்டு ஸ்பீக்கரால் அது முடியாது.

இப்போது அந்த ‘100 வாட்ஸ்’ ஸ்டிக்கருக்கு வருவோம். 1960-களில் அமெரிக்காவிலும் இதே கூத்துதான். மியூசிக் பவர், பீக் பவர் என்று கம்பெனிக்கு ஒரு கணக்கு. 1974-ல் அங்கே எஃப்.டி.சி. ஒரு விதி கொண்டுவந்தது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய பவரைத்தான் போட வேண்டும், அதுவும் எந்த டிஸ்டார்ஷனில், எந்த அலைவரிசைக்குள் என்று சேர்த்துப் போட வேண்டும். ஒரு வகையில் வாட்ஸுக்கு வந்த அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட். 2024-ல் அதை இன்னும் இறுக்கி, 8 ஓம் லோடில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 1 சதவீதத்துக்கு மேல் டிஸ்டார்ஷன் இல்லாமல் என்று ஆக்கியிருக்கிறார்கள். நம் ஊரிலோ கையடக்க செட்டில்கூட பி.எம்.பி.ஓ. என்று ஆயிரம் வாட்ஸ் எழுதி விற்ற காலம் அது. மாமா ஒட்டியது ஊரோடு ஒத்து ஒட்டிய ஸ்டிக்கர்.

இன்னும் இரண்டு சம்பவங்கள். 1978-ல் க்வாட் கம்பெனியின் மூன்று தலைமுறை ஆம்ப்களை, ஒரு வால்வு இரண்டு டிரான்சிஸ்டர், பெயர் சொல்லாமல் கேட்க வைத்துச் சோதித்தார் ஜேம்ஸ் மோயர். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1985-ல் பாப் கார்வர், தன் விலை குறைந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்பை விலை உயர்ந்த வால்வு ஆம்ப் மாதிரியே பாட வைக்கிறேன் என்று ‘ஸ்டீரியோஃபைல்’ இதழ்க்காரர்களிடம் சவால் விட்டார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மீதி கிட்டத்தட்ட பூஜ்யம் ஆகும்வரை சரிசெய்தார். ஆசிரியர் குழுவால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

கார்வர் ஜெயித்தது அளந்துதான், விளம்பரத் தாளில் இருந்த எண்ணை வைத்து அல்ல. எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: காதில் விழுவதை அளக்க முடியும். ஆனால் அட்டைப்பெட்டியில் போடும் இரண்டு எண்களில் அது பெரும்பாலும் இருக்காது. முழு பாலன்ஸ் ஷீட்டையும் குறிப்புகளையும் படிக்காமல், லாபம் என்ற ஒரு வரியைப் பார்த்து நான் யாருக்காவது கடன் கொடுப்பேனா? அப்பாவிடம் மட்டும் அதைச் செய்துவிட்டேன்.

அடுத்த லீவில் அப்பாவைக் கெஞ்சி உட்கார வைத்தேன். ஒரே ஸ்பீக்கர், நடுவே ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச், துணிக்குப் பின்னால் மச்சான். எதைப் போடுவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தார். டோன் ஒன்றை ஓடவிட்டு மல்டிமீட்டரில் இரண்டின் வோல்டேஜையும் சமமாக வைத்தேன் (துளி சத்தம் கூடினாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லுமாம்). முதல் சுற்றில் பழைய செட்டின் குமிழ்களை அப்பா வைத்திருந்தபடியே விட்டோம். 12-க்கு 12 சரியாகச் சொன்னார்! பேஸ், ட்ரிபிள் இரண்டையும் நடுவில் வைத்து மறுபடி சமன் செய்து போட்டோம். 12-க்கு 7. நாணயம் சுண்டினாலே அவ்வளவு வரும்.

மாமா அந்தப் பழைய ஸ்பீக்கருக்கு ஏற்ற மாதிரி குமிழைத் திருப்பி, “இதைத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் அப்பா தொடவில்லை.

பாட்டு நின்றதும் என் மகள் கேட்டாள். “தாத்தா, அது என்ன ம்ம்ம்னு சத்தம்?” எங்கள் இருவருக்குமே அது கேட்கவில்லை. காதை ஸ்பீக்கரில் ஒட்டி வைத்த பிறகுதான் எனக்குக் கேட்டது. பவர் சப்ளை கன்டென்சர் காய்ந்துபோய் பழைய செட் முனகிக்கொண்டிருந்தது. அந்த விஷயத்தில் புது செட்டின் பேப்பர் சொன்னதுதான் நிஜம்.

சித்தூரில் கன்டென்சர் வாங்கி மாற்றினோம். புது செட் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டது. “மாமா ஏமாத்தலீங்கப்பா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றேன். அப்பா ஸ்டிக்கரைத் துணியால் துடைத்துக்கொண்டே, “ஆறு வாட்ஸுன்னு எங்கிட்ட அன்னிக்கே சொன்னாப்ல. நாந்தான் நூறுன்னு ஒட்டச் சொன்னேன். பக்கத்து ஊட்டுக்காரன் அம்பது வெச்சிருந்தான்” என்றார்.

இப்போது போன் செய்தால் அப்பாவே எடுக்கிறார்.