இம்பாலில் இரு தளபதிகள்

1944 மார்ச்சில் ஜப்பானின் 15ஆவது படை பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்து மணிப்பூருக்குள்ளும் நாகா மலைகளுக்குள்ளும் புகுந்தது. அதை ஏவியவர் லெப்டினன்ட் ஜெனரல் ரென்யா முத்தாகுச்சி. அவரை எதிர்கொண்டவர் பிரிட்டிஷ் 14ஆவது ராணுவத்தின் தளபதி வில்லியம் ஸ்லிம். அவர் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். ஜூலையில் போர் ஓய்ந்தபோது, ஏறத்தாழ 85,000 பேருடன் வந்த ஜப்பானியப் படையில் 50,000 பேருக்கு மேல் மாண்டோ, காயமுற்றோ, நோயுற்றோ வீழ்ந்திருந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை பசியும் நோயும்.

இருவரும் களம் கண்டவர்கள், முடிவெடுக்கத் தயங்காதவர்கள். பிறகு எங்கே பிரிந்தார்கள்? திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அந்த மூன்றையும் அளவுகோலாகக் கொண்டால் விடை தெளிவாகிறது.

வலியறிதல்

முத்தாகுச்சிக்கு ஆசானாக அமைந்தது வெற்றி. 1942இல் அவருடைய 18ஆவது டிவிஷன் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் போரிட்டது. பின்வாங்கிய பிரிட்டிஷார் விட்டுச்சென்ற உணவையும் வாகனங்களையும் எடுத்துக்கொண்டே ஜப்பானியர் அங்கு விரைந்து முன்னேறினர். இம்பாலிலும் அப்படியே நடக்கும் என்று அவர் கணக்கிட்டார். வீரர்களுக்கு ஏறக்குறைய மூன்று வார உணவுதான் தரப்பட்டது. மீதிக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிச்செல்லத் திட்டமிட்டார். ஆற்றிலும் மலைச்சரிவிலும் அவற்றுள் பல மடிந்தன. உணவும் தளவாடமும் போய்ச் சேராது என்று எச்சரித்த அவருடைய படைத்தலைமை அதிகாரி ஒபாதா பதவியிலிருந்து அகற்றப்பட்டார்.

ஸ்லிமுக்கு ஆசான் தோல்வி. 1940இல் சூடான் எல்லையிலுள்ள கல்லாபாத்தில், துணிந்து தாக்கியிருக்க வேண்டிய நேரத்தில் தயங்கிப் பின்வாங்கினார். 1942இல் பர்மாவிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் பின்வாங்கிய படையை நடத்தி வந்தார். தோற்றதன் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்தார். 1943இல் அவருடைய முனையில், காயத்தால் அப்புறப்படுத்தப்பட்ட ஒருவருக்கு 120 பேர் என்ற விகிதத்தில் நோயாளிகள் களத்தைவிட்டு நீங்கினர். மலேரியாவைத் தடுக்கும் மெபாக்ரின் மாத்திரையை வீரர்கள் விழுங்குகிறார்களா என்று திடீர்ச் சோதனை நடத்தினார். அதில் தவறிய பட்டாலியன் தளபதிகள் பதவி இழந்தனர். பட்டுப் பாராசூட் கிடைக்காதபோது வங்காளத்துச் சணலில் பாராசூட் செய்யவைத்தார். சுற்றி வளைக்கப்பட்டாலும் விமானம் போடும் உணவை உண்டு நின்று போரிட முடியும் என்பது 1944 பிப்ரவரியில் அராக்கானில் மெய்ப்பிக்கப்பட்டது.

காலமறிதல்

பருவமழை எப்போது வரும் என்பது இருவருக்கும் தெரியும். முத்தாகுச்சி அதை ஒரு கெடுவாகப் பார்த்தார்: மழைக்கு முன், ஏப்ரல் 29ஆம் தேதி பேரரசரின் பிறந்தநாளுக்குள், இம்பாலைப் பிடித்துவிட வேண்டும். அந்தத் தேதி தவறினால் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் திட்டம் இல்லை.

ஸ்லிம் மழையைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். எல்லைப்புறத்தில் நின்ற இரண்டு டிவிஷன்களை இம்பால் சமவெளிக்கு இழுத்துக்கொள்வதே அவர் முடிவு. எதிரி மலைகளைத் தாண்டி வரட்டும். அவன் முதுகுக்குப் பின்னால் ஆறும் மழையும் வந்து சேரட்டும் என்று காத்திருந்தார். இரண்டாண்டுக்கு முன் தோற்று ஓடிவந்த படையிடம் மறுபடியும் பின்வாங்கச் சொல்வதற்குப் பெரும் நெஞ்சுரம் வேண்டும். அந்தப் பெயர்க்கேட்டை அவர் ஏற்றுக்கொண்டார்.

இடனறிதல்

இம்பால் சமவெளியில் விமானத் தளங்கள் இருந்தன. டாங்குகளும் பீரங்கிகளும் ஓடித் திரும்ப இடம் இருந்தது. ஸ்லிம் தேர்ந்த களம் அது. முத்தாகுச்சியோ தாக்குதல் தொடங்கிய பிறகும் வாரக்கணக்கில் மேமியோ என்னும் மலைவாழிடத்திலிருந்து கட்டளையிட்டார். போர்முனை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அவரை நியாயமாகவும் பார்க்க வேண்டும். கோஹிமாவைக் கடந்து, காவல் குறைந்த பிரிட்டிஷாரின் திமாப்பூர்க் கிடங்கைப் பிடிக்க அவர் விரும்பினார். ஸ்லிம் அஞ்சியதும் அதற்குத்தான். மேலதிகாரி கவாபே அதற்கு இசையவில்லை. துணிச்சலான அந்த ஊகத்தில் கூர்மை இருந்தது. ஆனால் அதைத் தாங்கும் அரிசியும் குண்டும் அவர் படையிடம் இல்லை.

பிழை நேர்ந்தபோது

ஸ்லிமும் பிழை செய்தார். பின்வாங்கும் நேரத்தைக் களத்திலிருந்த தளபதிகளிடம் விட்டார். எல்லைப்புறத்தில் நின்ற 17ஆவது டிவிஷனுக்கு ஆணை தாமதமாகப் போய், அது வழிமறிக்கப்பட்டது. கோஹிமாவுக்கு ஒரு ரெஜிமென்ட்தான் வரும் என்று எண்ணியிருந்தார். ஜெனரல் சாத்தோவின் 31ஆவது டிவிஷன் முழுதாக வந்தது. அங்கே காவலுக்கு இருந்த சுமார் 2,500 பேரில் போரிடத்தக்கவர் ஏறத்தாழ 1,500 பேர்தான்.

பிழை தெரிந்ததும் ஸ்லிம் கணக்கை மாற்றினார். சீனாவுக்குச் சரக்கேற்றிக்கொண்டிருந்த விமானங்களை தம் மேலதிகாரி மவுன்ட்பேட்டன் வழியாகப் பெற்று, அராக்கானிலிருந்து 5ஆவது இந்திய டிவிஷனை வான்வழியே கொண்டுவந்தார். கோஹிமா ஏப்ரல் நடுவில் உதவி வரும்வரை தாங்கி நின்றது. 1956இல் வெளியான தம் நூலில் ஸ்லிம் இந்தப் பிழைகளைத் தம்முடையவை என்றே எழுதினார்.

மே மாதத்தில் முத்தாகுச்சியின் படைக்கு அரிசி இல்லை. சிந்த்வினைக் கடந்தது முதல் தமக்கு எதுவும் வந்து சேரவில்லை என்று முறையிட்ட சாத்தோ, ஆணையை மீறிக் கோஹிமாவிலிருந்து படையை விலக்கினார். முத்தாகுச்சி தம் மூன்று டிவிஷன் தளபதிகளையும் போர் நடுவே பதவிநீக்கினார். ஜூன் தொடக்கத்தில் கவாபே அவரைக் காண வந்தார். திட்டம் தோற்றுவிட்டது என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தம் முகத்தைப் பார்த்துக் கவாபே புரிந்துகொள்வார் என்று எதிர்பார்த்ததாக முத்தாகுச்சி பின்னாளில் கூறினார். அந்த மௌனத்தின் விலை மேலும் ஒரு மாதப் போர். அதற்குள் மழை வலுத்தது. வீரர்கள் திரும்பிய பாதையை ஜப்பானியர் 'வெள்ளெலும்புச் சாலை' என்று அழைத்தனர். மலாயாத் தமிழர் திரளாகச் சேர்ந்த இந்திய தேசிய ராணுவத்தின் பிரிவுகளும் இம்பால் முனையில் இருந்தன. அதே பசியும் மலேரியாவும் அவர்களையும் வாட்டின.

எது துணிவு

ஸ்லிமின் பொறுமையைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. 1945இல் எதிரியை ஏமாற்றி ஐராவதியைக் கடந்து, மெய்க்திலாவைப் பிடித்து, ரங்கூனை நோக்கி விரைந்தவர் அவர். பின்வாங்கத் தெரிந்த அதே மனிதர்தான் பாயவும் தெரிந்திருந்தார். முத்தாகுச்சி 1966இல் இறக்கும்வரை தோல்விக்குக் கீழிருந்தவர்களையே காரணம் காட்டினார்.

படை நடத்துவோரை அவர்கள் கொடுத்த தாக்குதல் ஆணைகளை வைத்து மட்டும் எடைபோடுவது நம் பழக்கம். அதைவிட முக்கியமான இரண்டு கேள்விகள் உண்டு. கசப்பான கணக்கைக் கொண்டுவந்த அதிகாரியை என்ன செய்தார்? தம் திட்டம் தோற்றுவிட்டது என்று எத்தனை நாளில் வாய்விட்டுச் சொன்னார்? குண்டுக்கு முன் நிற்கும் துணிவைச் சாதாரணச் சிப்பாயும் அன்றாடம் காட்டுகிறான். தன் பிழைக்கு முன் நிற்கும் துணிவைத் தளபதியிடம் எதிர்பார்க்க அவனுக்கு முழு உரிமை இருக்கிறது. முத்தாகுச்சி தம் வீரர்களுக்குத் தரத் தவறியது அதைத்தான்.