வரைந்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு

கிள்ளான் குப்பைமேட்டில் கிடந்த பழைய மழைச்சட்டை அது. 1974-இல் கோலாலம்பூர் டேவான் பஹாசாவில் ரெட்ஸா பியதாசாவும் சுலைமான் ஈசாவும் அதைக் கலைப்படைப்பாகக் காட்சிக்கு வைத்தார்கள். கண்டெடுத்தது ஜனவரி 13, மாலை மணி 4.23 என்று குறிப்பு வேறு! பெட்டாலிங் ஜெயா முடிதிருத்தகத்து முடியும் அங்கே படைப்புதான். தைத்தவர் யாரோ, அணிந்தவர் யாரோ. கலைஞர் மட்டும் இவர்களா?

பியதாசா அதோடு நிற்கவில்லை. சியா யூ சியான் 1958-இல் வரைந்த ஆற்றுக் காட்சி ஓவியத்தை அப்படியே எடுத்துப் பொருத்தி, கீழே ஆங்கில வாசகம் ஒன்றைப் பொறித்தார். படைப்புகள் ஒருபோதும் காலத்தில் இருப்பதில்லை, அவற்றுக்கு ‘நுழைவுப் புள்ளிகள்’ உண்டு என்பதுதான் அந்த வாசகத்தின் பேச்சு. ‘எண்ட்ரி பாயிண்ட்ஸ்’ என்று பெயர் சூட்டினார். ஆண்டு 1978. தூரிகை பிடித்த சியா அப்போது உயிரோடுதான் இருந்தார். ஆனாலும் கலை வரலாற்றில் அது பியதாசாவின் படைப்பு.