கடலூர் மாவட்டத்தின் நீரும் நிலமும்: ஆய்வுகள் அளந்தவையும் அளக்காதவையும்

கடலூர் மாவட்டத்தின் நிலமும் நீரும் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றன. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 பெருமழை, 2024 ஃபெஞ்சல் புயல் என அதற்குக் காரணங்கள் பல. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறையும் பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் உயராய்வு மையமும் அமைந்திருப்பது மற்றொரு காரணம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20 விழுக்காடு. எனினும் நிலத்தடி நீர், கடற்கரை, வெள்ளம் பற்றிய ஆய்வுகளில் சாதி அரிதாகவே ஓர் அளவீடாக இடம்பெறுகிறது. நீரின் ஆழமும் உப்பும் வயதும் அளக்கப்படுகின்றன. அந்நீரைக் குடிப்பவர் யார், அது தேங்கும் இடத்தில் குடியிருப்பவர் யார் என்பது அளக்கப்படுவதில்லை. நிவாரணம், இழப்பீடு, வழக்கு ஆகிய மூன்றிலும் இந்த இடைவெளியின் விளைவைத் தலித் மக்களே சுமக்கின்றனர். செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் பயன்கொள்ளும் வகையில், இந்த ஆய்வுகள் சொல்வதையும் அவற்றைச் சட்டத்தின் முன் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நெய்வேலிக்கு அடியில் உள்ள நீர்

பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1961இல் கரிப்படுகை வெளிப்பட்டது. அப்படுகைக்குக் கீழே உயர் அழுத்தத்தில் ஒரு நீர்த்தாங்கி உள்ளது. மேலிருக்கும் மண்ணையும் கரியையும் அகற்றினால், அடியிலுள்ள நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். ஆகவே சுரங்கம் இயங்கும் காலமெல்லாம் அந்நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வட்டாரத்தில் ஒரு காலத்தில் மோட்டார் இன்றிப் பொங்கி வழிந்த ஆர்ட்டீசியன் ஊற்றுகளின் விசை இந்த அழுத்தமே.

இந்நீரின் வயது பற்றி முக்கியமான ஆய்வொன்று உண்டு. சுகிஜா, ரெட்டி, நாகபூஷணம் ஆகியோர் 1998இல் 'குவாட்டர்னரி ரிசர்ச்' இதழில் வெளியிட்ட கட்டுரை, தென்னிந்திய ஆழ்நிலை நீரில் கடந்த 30,000 ஆண்டுகளின் தட்பவெப்ப மாற்றங்கள் பதிந்திருப்பதை ஐசோடோப்புகளின் வழியே காட்டியது. நெய்வேலிப் படுகையின் நீர் அதற்கு ஆதாரமானது. கடந்த ஆண்டு பெய்த மழையே இன்று ஆழ்துளைக் கிணற்றில் வருகிறது என்னும் எண்ணம் இங்கே பொருந்தாது. பல்லாயிரம் ஆண்டுகளில் சேர்ந்த நீரை ஒரு தலைமுறைக்குள் இறைத்துவிடலாம். அது திரும்பச் சேர்வதை அத்தலைமுறை பார்க்காது.

இறைக்கப்படும் நீர் முழுவதும் வீணாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுரங்க நீர் வாலாஜா ஏரிக்கும் பரவனாற்றின் வழியே பெருமாள் ஏரிக்கும் சென்று பாசனத்துக்குப் பயன்படுகிறது. ஆயினும் பாசன நீரின் பயனை நேரடியாகப் பெறுபவர் நிலம் உடையவர். நிலமற்ற குடும்பத்துக்கு மிஞ்சுவது குடியிருப்பின் கைப்பம்பு. நீர்மட்டம் இறங்கும்போது, வசதியுள்ளவர் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்துகிறார். கைப்பம்பை ஆழப்படுத்த ஊராட்சியிடம் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

நீரின் தரமும் இப்போது கேள்விக்குள்ளாகியுள்ளது. நெய்வேலி, பரங்கிப்பேட்டை வட்டாரங்களில் மண்ணும் நீரும் மாசடைந்திருப்பதைப் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய அமைப்புகள் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை சுட்டியது. அதில் பாதரசம் பற்றிய தகவல்கள் பெரும் விவாதத்தை எழுப்பின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதனைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

கடலோரத்தில் ஏறும் உப்பு

கடற்கரையில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி இதன் கணக்கைச் சொல்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் கிடைக்கும். அந்த 1 மீட்டர் குறைந்தால், கீழிருந்து உப்பு 40 மீட்டர் மேலே வரும். மேலிருந்து அளவுக்கு மீறி இறைப்பதும், கடல்மட்டம் உயர்வதும், ஆறுகளில் நன்னீர் வரத்துக் குறைவதும் இக்கணக்கை ஒரே திசையில் தள்ளுகின்றன.

கெடிலம் ஆற்றுப்படுகை நீரின் வேதித்தன்மையையும் ஐசோடோப்புகளையும் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர். எந்த நீர் மழையிலிருந்து வந்தது, எது பாறையோடு வினைபுரிந்தது, எதில் உப்பு கலந்தது என்பதை இத்தகைய ஆய்வுகளால் பிரித்தறிய முடிகிறது. இவ்வாய்வுகளின் அலகு கிணறு. அது ஊர்க் கிணறா, சேரிக் கிணறா என்னும் ஒரு குறிப்பைச் சேர்த்தால், அதே தரவு வேறொரு கேள்விக்கும் விடை தரும்.

சுனாமி ஆய்வும் தாழ்ந்த நிலமும்

2004 சுனாமிக்குப் பின் இம்மாவட்டத்திலிருந்து உலகம் முழுவதும் பேசப்பட்ட இரு ஆய்வுகள் வந்தன. பரங்கிப்பேட்டைக் கடற்கரையின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும், அலையாத்திக் காடுகள் உயிரிழப்பைக் குறைத்தன என்று 2005இல் எழுதினர். அதே ஆண்டு டேனியல்சன் குழுவினர், கடலூர்க் கடற்கரையில் மரங்கள் அடர்ந்த இடங்களில் சேதம் குறைவு என்று 'சயின்ஸ்' இதழில் காட்டினர். 2006இல் கெர், பேர்ட், கேம்பல் ஆகிய மூவர் முதல் ஆய்வின் தரவை மீண்டும் கணக்கிட்டு மறுத்தனர். கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமும் சமமாக உள்ள குடியிருப்புகளை ஒப்பிட்டால், மரங்களின் பரப்பு உயிரிழப்பில் வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை என்பது அவர்கள் வாதம்.

இவ்விவாதம் பெரும்பாலும் அலையாத்திக் காட்டைப் பற்றியதாகவே வாசிக்கப்பட்டது. நமக்கு அதில் வேறொரு செய்தி உண்டு. உயிர் பிழைப்பதைத் தீர்மானித்தவற்றுள் நிலத்தின் உயரம் ஒன்று என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை. நிலத்தின் உயரம் இயற்கையானது. அந்த உயரத்தில் யார் குடியிருக்கலாம் என்பது இயற்கையானதன்று. மேட்டில் ஊரும், வாய்க்காலுக்கும் வயலுக்கும் இடையிலான பள்ளத்தில் சேரியும் அமைந்தது நம் கிராமங்களின் பொது வரைபடம். இலவச மனைப்பட்டாவுக்கென அரசு தேர்ந்தெடுத்த நிலமும் பல இடங்களில் எவரும் விரும்பாத தாழ்ந்த நிலமாகவே இருந்தது. ஆகவே 'உயரம்' என்று ஆய்வு அட்டவணையில் வரும் எண்ணுக்குள் சாதியும் அளக்கப்பட்டிருக்கிறது, அதன் பெயர் சொல்லப்படாமல்.

நிவாரணத்திலும் இதுவே நடந்தது. படகையும் வலையையும் கணக்கிட்ட சுனாமி நிவாரணத்தில், கரையில் கூலி வேலை செய்த தலித் மக்களும் பிச்சாவரம் காயலில் கையால் இறால் பிடித்த இருளரும் பின்தள்ளப்பட்டனர். இழந்ததாகக் காட்ட அவர்களிடம் படகு இல்லை.

மழையின் புதிய இயல்பு

காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. 2015 நவம்பர் 9 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் நெய்வேலியில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை பதிவானது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையம், விசூர் பகுதிகளில் திடீர் வெள்ளம் உயிர்களையும் வீடுகளையும் அடித்துச் சென்றது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழையோடு சாத்தனூர் அணையிலிருந்து 1.68 இலட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டதால் தென்பெண்ணைக் கரையோரம் கடலூர் வரை மூழ்கியது. சிதம்பரம் அருகே கொள்ளிடத்தின் திட்டுகளில் உள்ள திட்டுக்காட்டூர் போன்ற ஊர்கள், கர்நாடகத்தில் பெய்யும் மழைக்கே தீவாகின்றன.

2015 வெள்ளத்துக்குப் பின், நிவாரணத்தில் தலித் குடியிருப்புகள் விடுபட்டதைத் தலித் உரிமை அமைப்புகள் கடலூரில் ஊர் ஊராகப் பதிவு செய்தன. வானிலைத் துறையின் மழை அளவோடும் நிலத்தின் உயர வரைபடத்தோடும் அப்பதிவுகளை இணைத்து வைத்தால் அவற்றின் வலு பன்மடங்காகும்.

சட்டம் எதை அளக்கிறது

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 7ஆம் பிரிவு, தன் நிலத்துக்கு அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நில உரிமையாளருக்கு அளிக்கிறது. நிலமற்றவருக்கு நிலத்தடி நீரில் தனி உரிமை இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள். தமிழ்நாடு 2003இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் 2013இல் நீக்கப்பட்டது.

இழப்பீடும் பட்டாவைப் பின்தொடர்கிறது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் நெற்பயிரை அழித்துக் கால்வாய் வெட்டப்பட்டபோது, ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தொகை பயிர் வைத்தவருக்கு உரியது. அந்த வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்றவர்களையும், அறுவடைக் கூலியை நம்பியிருந்தவர்களையும் ஏக்கர்க் கணக்கு காட்டுவதில்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், அந்நிலத்தை மூன்றாண்டுகளாக நம்பி வாழ்ந்த விவசாயத் தொழிலாளரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என ஏற்கிறது. ஆனால் தொழில்களுக்காக நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தில், அத்தகைய குடும்பங்களை அடையாளம் காண உதவும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. அச்சட்டத்தை மீட்டெடுத்த 2019ஆம் ஆண்டின் சட்டம் செல்லும் என 2021இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

ஆய்வைச் சாட்சியமாக்குதல்

இருக்கும் சட்டங்களுக்குள்ளேயே நமக்குச் சில வழிகள் உண்டு.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005, 61ஆம் பிரிவு: நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்கிறது. இது மனுக்களில் அரிதாகவே எடுத்துரைக்கப்படுகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1): 2015 திருத்தத்துக்குப் பின், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பது உட்பிரிவு (x) இன் கீழும், பொது நீர்நிலையைப் பயன்படுத்துவதைத் தடுப்பது உட்பிரிவு (za) இன் கீழும் குற்றம். எந்த நீர்நிலையை யார் வழக்கமாகப் பயன்படுத்துகின்றனர் என்பதை நிறுவ வேண்டும். அதற்கு ஊர்வாரிப் பதிவு தேவை.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010: 14ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதங்களுக்குள்ளும், இழப்பீடு கோரி 15ஆம் பிரிவின் கீழ் ஐந்தாண்டுகளுக்குள்ளும் மனுச் செய்ய வேண்டும். காலக்கெடு தவறினால் நல்ல ஆய்வும் பயன்படாது.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற சுரங்கமும் ஆலையும் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை அளிக்க வேண்டும் என 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கூறுகிறது. அவை பொது ஆவணங்கள். நீர்மட்டமும் நீரின் தரமும் பற்றிய அளவீடுகளை முதலில் அங்கே தேடலாம்; கிடைக்காதவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் 2024 மார்ச் 21 அன்று உச்சநீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படும் உரிமையை அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளில் கண்டது. 14ஆம் உறுப்பு சமத்துவத்தைப் பற்றியது. ஒரே வெள்ளம் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பதை நீதிமன்றத்தில் சொல்வதற்கான வாயில் இதனால் திறந்துள்ளது.

காட்டுமன்னார்கோயில் வட்டாரம் தந்த இளையபெருமாள், 1965இல் அமைக்கப்பட்ட தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைமை ஏற்று 1969இல் அறிக்கை அளித்தார். எந்தக் கிணறு யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதை நேரில் விசாரித்து எழுதிய மரபு அது. இன்று அதோடு நீரின் உப்பளவும் நிலத்தின் உயரமும் சேர வேண்டும். உப்புமானி ஒன்றும் கைப்பேசியும் இருந்தால், கல்லூரி மாணவர் குழு ஒன்று ஓர் ஊராட்சியின் எல்லாக் குடியிருப்புகளிலும் கைப்பம்பு நீரையும் 2015, 2024 வெள்ளம் சுவரில் விட்ட கோட்டின் உயரத்தையும் சில நாள்களில் பதிவு செய்துவிடலாம். ஊரின் அளவையும் சேரியின் அளவையும் தனித்தனியே எழுதி, தேதியிட்டு, ஒளிப்படத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் இப்பணியை முடிக்க வேண்டும்.