குறைபார்வை உடையோருக்கான கணினி உதவிக் கருவிகள்

குறைபார்வை உடையோருக்கான கணினி உதவிக் கருவிகள் என்பன, கண்ணாடியாலோ சிகிச்சையாலோ முழுமையாகச் சீர்செய்ய இயலாதவாறு பார்வை குன்றியவர்கள் கணினியில் படிக்கவும் எழுதவும் துணைபுரியும் மென்பொருட்களும் வன்பொருட்களும் ஆகும். திரை உருப்பெருக்கி, நிறமாற்ற வசதி, திரைப்படிப்பான், எழுத்துணரி ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. தமிழில் இவற்றின் பயன், உரை எந்தக் குறியீட்டு முறையில் அமைந்துள்ளது என்பதைப் பெரிதும் சார்ந்துள்ளது.

குறைபார்வை

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இன்படி, திருத்தத்திற்குப் பின்னும் நல்ல கண்ணின் பார்வைக்கூர்மை 6/18 முதல் 3/60 வரை இருப்பதோ, பார்வைப் புலம் 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை சுருங்கியிருப்பதோ குறைபார்வை எனப்படும். 6/18 என்பது, இயல்பான கண் 18 மீட்டரில் காண்பதை இவர் 6 மீட்டரில் காண்கிறார் எனப் பொருள்படும். நீரிழிவு விழித்திரை நோய், கண் அழுத்த நோய், மரபுவழி விழித்திரைச் சிதைவு ஆகியன இதன் காரணங்களுள் சில.

உருப்பெருக்கமும் நிறமாற்றமும்

விண்டோசு இயங்குதளத்தில் 1998 முதல் உருப்பெருக்கி உள்ளிணைந்து வருகிறது. அண்மைய பதிப்புகளில் விண்டோசு விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் அது இயங்கும். சூம்டெக்ஸ்ட் என்னும் வணிக மென்பொருள் 1988 இல் வெளிவந்தது.

உருப்பெருக்கம் எல்லோருக்கும் ஒரே விதமாகப் பயன்படுவதில்லை. நடுப்பார்வை பழுதுபட்டவருக்குப் பெரிய எழுத்து உதவும். பார்வைப் புலம் குறுகியவருக்கோ, எழுத்து பெரிதாகப் பெரிதாக ஒரே நேரத்தில் தெரியும் எழுத்துகளின் எண்ணிக்கை குறைந்து படிப்பு தடைப்படும். அவருக்கு அளவான எழுத்தும் மிகுந்த நிறவேறுபாடுமே ஏற்றவை. வெளிச்சத்தால் கண் கூசுவோருக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து இதமாக இருக்கும்.

தமிழ் எழுத்துகளில் புள்ளியே மிகச் சிறிய உறுப்பாகும். மங்கிய நிறத்திலோ மெல்லிய எழுத்துருவிலோ அது மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகத் தோன்றும். பல எழுத்துருக்களில் ரகரமும் துணைக்காலும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதும் குழப்பம் தரும். ஆகவே, தடித்த, புள்ளி தெளிவாகத் தெரியும் எழுத்துருவைத் தேர்வது நன்று.

திரைப்படிப்பான்கள்

திரையில் உள்ள உரையைக் குரலாக மாற்றுவது திரைப்படிப்பான். ஜாஸ் 1989 இல் டாசு இயங்குதளத்திற்கும் 1995 இல் விண்டோசுக்கும் வெளியானது. இது விலைக்கு விற்கப்படுவது. 2006 இல் ஆத்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்விடிஏ கட்டற்ற மென்பொருளாகும். இதனுடன் வரும் ஈஸ்பீக் பேச்சுப்பொறி தமிழையும் ஒலிக்கும். அதன் குரல் இயந்திரத்தன்மை வாய்ந்தது எனினும், விரைவாகப் படிக்க வைத்தாலும் தெளிவு குறைவதில்லை. லினக்சில் ஓர்க்காவும் ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் டாக்பேக்கும் இப்பணியைச் செய்கின்றன.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை ஏற்றது. விசைப்பலகையில் விரலுக்குத் தட்டுப்படும் இரு மேடுகளில், இடச் சுட்டுவிரலின்கீழ் புள்ளியும் வலச் சுட்டுவிரலின்கீழ் பகரமும் அமைகின்றன.

குறியீட்டுச் சிக்கல்

ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்கள் பல, உரோமன் எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு ஆங்கிலமாகவே இருக்கும். எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்னும் சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி எனச் சேமிக்கப்படுகிறது. திரைப்படிப்பான் வடிவத்தைக் காண்பதில்லை. குறியீட்டை மட்டுமே அறிவதால், பொருளற்ற ஒலியையே எழுப்பும். 2010 இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எனினும் பழைய எழுத்துருக்களில் உருவான கோப்புகள் இன்றும் புழங்குகின்றன. இவற்றைக் குறியீடு மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றலாம். படமாக வருடப்பட்ட பக்கங்களுக்குத் தெசராக்ட் போன்ற தமிழ் அறிந்த எழுத்துணரிகள் தேவை.

மதுரையில்

1976 இல் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், சிகிச்சைக்குப் பின்னும் பார்வை குறைந்திருப்போருக்கான மறுவாழ்வுச் சேவையும் உண்டு. பார்வையற்றவரான எசு. எம். ஏ. சின்னா 1985 இல் நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் சுந்தரராசன்பட்டியில் இயங்குகிறது. பள்ளிக் கல்வியுடன் கணினிப் பயிற்சியும் அதன் பணிகளுள் அடங்கும்.

வலைத்தள வடிவமைப்பாளர் கவனத்திற்கு

2008 இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் இரண்டாம் பதிப்பு, அதன் இடைநிலைத் தரத்திற்குப் பின்வருவனவற்றை வேண்டுகிறது.

* சாதாரண உரைக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிறவேறுபாடு இருத்தல்.
* எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் சிதையாதிருத்தல்.
* படங்களுக்கு மாற்று உரை வழங்குதல்.
* சுட்டி இன்றி, விசைப்பலகையால் மட்டுமே இயக்க முடிதல்.

இவற்றையும் பார்க்க

* ஒருங்குறி
* தமிழ்99
* பாரதி பிரெய்லி
* கட்டற்ற மென்பொருள்