வல்லாள கோபுரத்தடியில்

திருவண்ணாமலைக் கோயிலில் வல்லாள கோபுரத்தடியில் கோபுரத்து இளையனார் என்னும் முருகன் சன்னிதி இருக்கிறது. ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனின் பெயர் தாங்கிய கோபுரம் அது. இளமையைப் பரத்தையரிடம் தொலைத்து, நோயும் அவமானமும் மிஞ்சிய அருணகிரிநாதர், இங்கிருந்துதான் குதித்தாராம். முருகன் கையில் ஏந்திக்கொண்டானாம்.

கல்வெட்டு ஆதாரமில்லாத கதைதான். ஆனால் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தக் கவிஞரின் பாட்டுகள் கைக்குக் கிடைக்கின்றன. அவருடைய திருப்புகழில் பல பாட்டுகளின் முற்பாதி முழுக்கக் காம மயக்கம். பிற்பாதியில்தான் முருகன் வருகிறான். தன்னையே திட்டிக்கொள்ளும் வரிகள் ஏராளம். வருத்தம் அவரை மூலையில் முடக்கவில்லை. பழனி, திருச்செந்தூர், சுவாமிமலை, இலங்கையின் கதிர்காமம் வரை ஊர் ஊராகப் பாடினார். பழசை மறைக்கவும் இல்லை, அதையே சந்தத்தில் ஏற்றிவிட்டார். கெட்டிக்காரர்!

பாடியது 16,000 என்பார்கள். ஏடுகள் சிதறிக் கிடந்தன. மாவட்ட முன்சீப்பாக இருந்த வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை அவற்றைத் தேடித் திரட்டி, 1894இல் முதல் தொகுதியை அச்சேற்றினார். மகன் செங்கல்வராய பிள்ளை பின்னர் உரை எழுதினார். இன்று கையிலிருப்பவை சுமார் 1,300.